கேபிள் பாலத்தின் கான்கிரீட் கோபுரம்: கட்டி முடியும் வரை



பொறியியலைத் தமிழில் பேசுவதற்கென்று ஒரு மேடை அமைத்துக் கொடுத்தவர்களுக்கு என் நன்றி. எங்கள் தொழிலில் வரைபடம் ஆங்கிலத்தில் வரும். கம்பி கட்டுகிறவரும் ஷட்டரிங் மேஸ்திரியும் தங்கள் மொழியில் வேலை செய்வார்கள். இந்தக் கம்பி எங்கே என்பது எப்படியோ அவர்களைச் சென்று சேர்ந்துவிடும். ஏன் இங்கே என்பதுதான் வழியில் நின்றுவிடும். இன்று அந்த 'ஏன்' பற்றித்தான் பேசப்போகிறேன்.

எடுத்துக்கொண்ட பொருள் கேபிள் தாங்கு பாலங்களின் கான்கிரீட் கோபுரம். நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோபுரங்கள் பலவற்றுக்கு மிகக் கடுமையான சோதனை, வண்டிகள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடுகிறது. பாதி கட்டிய கோபுரம் முழுக் கோபுரத்தின் பாதி என்று நினைக்கக் கூடாது. அது வேறொரு கட்டமைப்பு. அதற்குத் தனிக் கணக்கு வேண்டும், தனி வரைபடம் வேண்டும், பொறுப்பேற்கத் தனி ஆள் வேண்டும். நம் நாட்டில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று குறைகிற பணியிடங்களை இன்னும் பார்க்கிறேன். அந்தக் கவலைதான் இந்த உரைக்குக் காரணம்.

தொங்கு பாலத்தையும் கேபிள் பாலத்தையும் ஒன்றாக எண்ணுகிறவர்கள் உண்டு. தொங்கு பாலத்தில் இரண்டு பெரிய வடங்கள் கோபுர உச்சியில் வளைந்து ஏறி இறங்கி, இரு கரைகளிலும் பெரிய நங்கூரத் திண்டுகளில் கட்டப்பட்டிருக்கும். கேபிள் பாலத்தில் ஒவ்வொரு கேபிளும் பாலத்தளத்தில் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு நேராகக் கோபுரத்துக்குப் போகிறது. இடப்பக்கக் கேபிளின் கிடைமட்ட இழுப்பை வலப்பக்கக் கேபிள் சமன் செய்துவிடுகிறது. மிஞ்சுவது கீழ்நோக்கிய அழுத்தம். பாலத்தளத்தின் எடையில் பெரும்பகுதி கோபுரத்தின் வழியாகவே நிலத்துக்கு இறங்குகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கான்கிரீட் தேர்ந்த பொருள். விலையும் குறைவு, விறைப்பும் அதிகம், அதிர்வையும் தன்னளவில் ஓரளவு அடக்கிக்கொள்ளும். கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது (1992), தில்லியின் சிக்னேச்சர் பாலம் (2018) ஆகியவற்றின் கோபுரங்கள் எஃகு. ஆனால் மும்பை பாந்த்ரா–வொர்லி கடற்பாலத்தின் (2009) சுமார் 126 மீட்டர் கோபுரமும், ஜம்மு காஷ்மீரில் 2025 ஜூன் மாதம் திறக்கப்பட்ட அஞ்சி காட் ரயில் பாலத்தின் 193 மீட்டர் கோபுரமும் கான்கிரீட். சீனாவில் யாங்சே ஆற்றின் மீதுள்ள சுடோங் பாலத்தில் (2008) கோபுரம் 300 மீட்டரைத் தொட்டது. ஹாங்காங்கின் ஸ்டோன்கட்டர்ஸ் பாலம் (2009) 298 மீட்டர். அதில் கீழ்ப்பகுதி கான்கிரீட், மேற்பகுதியில் கான்கிரீட்டைச் சுற்றித் துருப்பிடிக்காத எஃகுத் தோல்.

இவ்வளவு உயரத்தை எப்படி வார்க்கிறார்கள்? இரண்டு முறைகள் உண்டு. ஒன்று வழுக்கு அச்சு. ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள அச்சு, இரவு பகல் நிற்காமல் மெல்ல மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். மேலே பச்சைக் கான்கிரீட் விழும். கீழே, தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு இறுகிய கான்கிரீட் வெளியே வரும். இங்கிலாந்தின் ஹம்பர் பாலத்தின் (1981) கோபுரங்கள் இப்படி எழுந்தவை. அது தொங்கு பாலம் என்றாலும் 155 மீட்டர் கான்கிரீட் கோபுரத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. வேகமான முறைதான். ஆனால் கால் சாய்ந்துகொண்டே போய், சுவர் மெலிந்துகொண்டே வந்து, உள்ளே கேபிள் குழாய்களும் எஃகுப் பெட்டிகளும் பதிக்க வேண்டியிருந்தால், நிற்காமல் நகரும் அச்சோடு மல்லுக்கட்ட முடியாது. ஆகவே இன்று பெரும்பாலான கேபிள் பாலங்களில் ஏறும் அச்சுதான்.

ஏறும் அச்சில் கோபுரம் சுமார் 4 மீட்டர் உயரமுள்ள துண்டுகளாக வளர்கிறது. ஒவ்வொன்றையும் பணியிடத்தில் ஒரு 'லிஃப்ட்' என்பார்கள். ஒரு லிஃப்டை வார்க்கும்போதே அதன் சுவரில் நங்கூரக் கூம்புகளைப் பதித்துவிடுவார்கள். கான்கிரீட் இறுகிய பிறகு, அந்தக் கூம்புகளில் தாங்கிகளைப் போல்ட்டு போட்டு முடுக்கி, ஹைட்ராலிக் ஜாக்கியால் மேடைகள், அச்சுப் பலகைகள், ஆட்கள் நிற்கும் நடைபாதைகள் அத்தனையையும் அடுத்த நிலைக்கு ஏற்றுவார்கள். பல டன் எடை. அதைத் தாங்கி நிற்பது சில நாட்களுக்கு முன் வார்த்த கான்கிரீட். நிற்கும் கோபுரத்திலேயே இளைய பகுதி அதுதான்.

1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில் நடந்ததை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அது பாலமல்ல, மின்நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம். ஆனால் முறை இதேதான்: சாரம் முழுவதும், வார்த்த கான்கிரீட்டையே பிடித்துக்கொண்டு மேலே ஏறும். குளிர்காலம் முடிந்தும் குளிர் விடாத நேரம். முந்தைய நாள் போட்ட கான்கிரீட் போதிய வலு பெறவில்லை. அடுத்த சுற்று வார்க்கத் தொடங்கியதும் அந்த வளையம் உரிந்து, சாரத்தோடு சுற்றிலும் சரிந்தது. 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். வடிவமைப்பாளர் கணக்கிட்ட முழுக் கோபுரத்தில் பிழை இல்லை. ஒரு நாள் வயதுள்ள கான்கிரீட்டின் வலுவை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பிழை அங்கே இருந்தது.

அதனால்தான், அச்சை ஏற்றுவதற்கு முன் கியூபை, அதாவது அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டியை, உடைத்துப் பார்த்து, எழுத்தில் அனுமதி தர வேண்டும் என்று வலியுறுத்துகிறோம். அந்த கியூப் சோதனைக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்ததாக இருந்தால் பயனில்லை. கோபுர உச்சியில், அதே காற்றில், அதே குளிரில் கிடந்த கியூபாக இருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை இளம் பொறியாளர்கள் மனத்தில் பதித்துக்கொண்டாலே போதும் என்று சில சமயம் தோன்றுகிறது.

ஒரு லிஃப்டை வார்க்கும் இரவைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். வெயில் காலத்தில் பெரும்பாலும் இரவில்தான் போடுவோம். கான்கிரீட்டின் ஆரம்ப வெப்பநிலை குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக, கலவைத் தண்ணீரில் பாதியைப் பனிக்கட்டியாகவே கொட்டுவதும் உண்டு. மேலே அச்சுக்குள் எட்டிப் பார்த்தால் கம்பிக் காடு. 32 மில்லிமீட்டர் கம்பிகள் இரண்டு மூன்று வரிசை, அவற்றைச் சுற்றி வளையங்கள், குறுக்கே இணைப்புக் கம்பிகள். பம்ப் குழாயின் வாயை அந்த இடைவெளிகளில் இறக்கி, 30, 40 சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்புவார்கள். மேலிருந்து அப்படியே கொட்டினால் ஜல்லி தனியாக, சாந்து தனியாகப் பிரிந்துவிடும். வைப்ரேட்டர் பிடிக்கிறவர் ஊசியைப் புது அடுக்கில் இறக்கி, முந்தைய அடுக்கிலும் ஒரு சாண் போகவிட்டு, மெதுவாக இழுப்பார். குமிழி வருவது நிற்பதைக் கண்ணால் பார்ப்பார். மோட்டாரின் சுருதி சீராவதைக் காதால் கேட்பார். அவசரப்பட்டு ஊசியை வெடுக்கென்று உருவினால் அங்கே ஒரு துளை நிற்கும். அச்சைக் கழற்றும்போது தேன்கூடாகத் தெரியும். தெரிந்தால் நல்லது. கேபிள் நங்கூரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றால் யாருக்கும் தெரியாது. காலையில் மேற்பரப்பில் படியும் பால் படலத்தை நீர்ப்பீச்சால் அடித்து, ஜல்லி தலைகாட்டும் வரை சுத்தம் செய்துவிட்டுத்தான் அடுத்த லிஃப்டுக்குக் கம்பி கட்ட வேண்டும். 200 மீட்டர் கோபுரத்தில் இப்படி ஐம்பது மூட்டுகள் வரும். கடற்கரையில் உப்புக் காற்று கம்பியைத் தேடி நுழைவது இந்த மூட்டுகள் வழியாகத்தான்.

சுவர் தடிப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல். சிமென்ட் இறுகும்போது வெப்பம் வெளிவிடும். நடுப்பகுதி கொதிக்க, வெளிப்பரப்பு இரவுக் காற்றில் குளிர, இரண்டுக்கும் இடையே வெப்பநிலை வேறுபாடு 20 பாகையைத் தாண்டினால் வெடிப்பு விழும் என்பது பழைய கைக்கணக்கு. உலைக்கசடுத் தூளும் நிலக்கரிச் சாம்பலும் சேர்த்துச் சிமென்டைக் குறைப்பது இதற்கு நல்ல மருந்து. ஆனால் அவை சேர்ந்தால் கான்கிரீட் தாமதமாக வலுப்பெறும். அச்சை ஏற்றும் நாளும் தள்ளிப்போகும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இழுக்கும். கால அட்டவணை போடுகிறவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உரையின் நடுப்பகுதிக்கு வருகிறேன்: சாய்ந்த கால்கள்.

கேபிள் பாலக் கோபுரங்கள் பலவும் தலைகீழ் ஒய் வடிவத்திலோ, ஏ வடிவத்திலோ, வைர வடிவத்திலோ இருக்கும். பாலத்தளத்தின் இரு ஓரங்களிலிருந்தும் கேபிள்கள் ஏறி மேலே நடுவில் சேர வேண்டும் என்பதால் கால்கள் உட்பக்கம் சாய்கின்றன. இப்படிக் கூம்பிய அமைப்பு தளம் முறுக்கிக்கொள்வதைத் தடுக்கும், காற்றுக்கும் நன்றாக நிற்கும். இரண்டு கால்களும் மேலே சேர்ந்துவிட்டால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து அமைதியாக நிற்கும். சேருவதற்கு முன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கால் செங்குத்திலிருந்து 10 பாகை சாய்ந்திருக்கிறது. குறுக்குப் பரப்பு 15 சதுர மீட்டர். 80 மீட்டர் உயரம் வரை துணையில்லாமல் எழுப்பிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் காலின் எடை சுமார் 3,000 டன். அதன் எடைமையம் அடியிலிருந்து கிடையாக 7 மீட்டர் தள்ளி இருக்கிறது. அடியில் விழும் வளைப்புத் திருப்புத்திறன் 21,000 டன்-மீட்டர். முடிந்த கோபுரத்தில் இருக்கவே இருக்காத ஒரு விசை இது. அதோடு இது உயரத்தின் வர்க்கமாக வளர்கிறது: 40 மீட்டரில் ஏறக்குறைய 5,300 ஆக இருந்தது 80 மீட்டரில் நான்கு மடங்காகிவிட்டது. கடைசிச் சில லிஃப்டுகளில்தான் ஆபத்து பாய்ந்து வரும். முதல் பத்து லிஃப்டு நன்றாகத்தானே போயிற்று என்ற தைரியம் இங்கே செல்லாது.

இதற்கு மருந்து, குறித்த உயரங்களில் இரண்டு கால்களுக்கும் இடையே எஃகு முட்டுகள். அவற்றை வெறுமனே வைத்தால் போதாது. ஹைட்ராலிக் ஜாக்கியால் இரு கால்களையும் கணக்கிட்ட அளவுக்கு வெளிப்பக்கம் தள்ளி, அதன் பிறகு பூட்ட வேண்டும். அப்போதுதான் அதுவரை அடியில் சேர்ந்த வளைவு குறையும். கால் இருக்க வேண்டிய கோட்டுக்கும் வரும். எந்த உயரத்தில் முட்டு, எத்தனை டன் தள்ளு, எந்த லிஃப்டுக்குப் பிறகு, எப்போது கழற்றுவது என்ற நான்கும் வரைபடத்தில் இருக்க வேண்டும். இவற்றில் எதையும் பணியிடத்தில் பேசி மாற்றக் கூடாது.

ஒரு பணியிடத்தில், இரண்டாவது முட்டை இரண்டு லிஃப்டு கழித்து வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கிரேன் வேறு வேலையில் இருந்தது. காத்திருந்தால் ஒரு வாரம் போகும். கேட்டவர் நல்ல பொறியாளர். கேட்டதிலும் தவறில்லை, கேட்காமல் செய்திருந்தால்தான் தவறு. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அடிப்பகுதியின் வெளிமுகத்தில் இழுவிசை, கான்கிரீட் வெடிக்கும் எல்லையைத் தாண்டியது. கோபுரம் விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வெடிப்புகள், கால்கள் மேலே சேர்ந்த பிறகு மூடிக்கொண்டு கண்ணுக்கு மறைந்துவிடும். நூறாண்டு நிற்க வேண்டிய காலின் அடியில், உப்புத் தண்ணீர் தெறிக்கும் உயரத்தில் உள்ளேயே இருக்கும். முட்டு வரும் வரை காத்திருந்தோம்.

வைர வடிவக் கோபுரத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. பாலத்தளத்துக்கு மேலே கால்கள் உட்பக்கம் சாய்கின்றன. தளத்துக்குக் கீழேயும் அடித்தளத்தை நோக்கி உட்பக்கமாகவே ஒடுங்குகின்றன. அடித்தளம் சிறிதாக அமையும் என்பது இதன் லாபம். ஆனால் தளத்தின் உயரத்தில் ஒரு முழங்கால் உருவாகிறது. மேற்கால் அந்த முழங்காலைக் கீழும் வெளியுமாகத் தள்ளுகிறது. கீழ்க்கால் மேலும் வெளியுமாகத் தள்ளுகிறது. இரண்டுமே வெளிப்பக்கம். ஒரு காலில் 5,000 டன் இறங்குகிறது, மேற்சாய்வு 10 பாகை, கீழ்ச்சாய்வு 15 பாகை என்றால், முழங்காலை வெளியே பிதுக்கும் விசை 2,200 டன். இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுவது நடுவிலுள்ள குறுக்கு உத்தரம். பனையேறி கால்களில் மாட்டிக்கொள்ளும் தளைநார் செய்கிற வேலை அது: அறுந்தால் கால்கள் விரியும், ஆள் விழுவான்.

கொலம்பியாவில் பொகோட்டா–வில்யாவிசென்சியோ நெடுஞ்சாலையில் சிரஹாரா பாலம் இப்படித்தான் போனது. ஆழமான பள்ளத்தாக்கு, இரண்டு வைர வடிவக் கான்கிரீட் கோபுரங்கள், நடுக் கண் 286 மீட்டர். தளம் இருபுறமும் நீண்டு வந்து, நடுவில் இன்னும் இணையவில்லை. 2018 ஜனவரி 15 அன்று ஒரு கோபுரம் சில நொடிகளில் நொறுங்கி, தளத்தையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். நிலநடுக்கம் இல்லை, புயல் இல்லை, ஒரு லாரிகூடப் பாலத்தில் ஏறியதில்லை. கால்கள் விரிவதைத் தடுக்க வேண்டிய சுவரும் உத்தரமும் அந்த இழுவிசைக்குப் போதவில்லை என்று விசாரணை சொன்னது. வடிவமைப்பிலேயே இருந்த குறை. அதே வரைபடத்தில் எழுந்திருந்த மற்றொரு கோபுரத்தையும் அதே ஆண்டு ஜூலையில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அந்த இழுவிசையைக் கண்டுபிடிக்கக் கணினி வேண்டியதில்லை. இப்போது நான் சொன்னேனே, அந்தக் கணக்கை ஒரு முதலாண்டு மாணவர் அரைப்பக்கத்தில் போடலாம். கணினி மாதிரி ஆயிரம் பக்கம் அச்சிட்டுத் தரும். ஆனால் விசை எந்த வழியாக நிலத்துக்கு இறங்குகிறது என்பதை ஒரு மூத்தவர் தனியாக உட்கார்ந்து, பென்சிலில் வரைந்து சரிபார்க்கும் பழக்கம் எந்த நிறுவனத்திலும் கைவிடப்படக் கூடாது. கட்டுமானத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அந்த வரைவு வேண்டும்.

அடுத்து, அளவை. கோபுரம் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கும் உயரம் இதில்லை. டோட்டல் ஸ்டேஷன் கருவிகளையும் செயற்கைக்கோள் அளவையையும் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், பார்க்கிற பொருளே அசைந்துகொண்டிருந்தால் என்ன செய்வது? காலையில் கிழக்கு முகம் சூடாகிறது, விரிகிறது, கோபுரம் மேற்கே சாய்கிறது. மாலையில் கிழக்கே. 200 மீட்டர் உயரம், 8 மீட்டர் அகலம், எதிரெதிர் முகங்களுக்கிடையே சராசரியாக 5 பாகை வேறுபாடு என்று வைத்தால், உச்சி 12 சென்டிமீட்டர் நகரும். அனுமதிக்கப்பட்ட பிழையோ சில சென்டிமீட்டர்தான். ஆகவே அச்சைப் பொருத்திச் சரிபார்க்கும் அளவைகளைச் சூரியன் உதிப்பதற்கு முன், காற்று அடங்கிய வேளையில் எடுக்கிறோம். இரவு முழுவதும் வெப்பம் சமமாகி, கோபுரம் தன் இயல்பான நிலைக்கு வந்திருக்கும் நேரம் அது. அளவையாளர்கள் மூன்று மணிக்கே கருவியோடு கிளம்புவது இதனால்தான்.

உயரத்திலும் ஒரு கணக்கு உண்டு. முழுச் சுமை இறங்கும்போது 200 மீட்டர் கோபுரம் நான்கைந்து சென்டிமீட்டர் குறுகும். அதற்குப் பிறகும் கான்கிரீட் சும்மா இருக்காது. அழுத்தத்தில் ஊர்ந்து, உலர்ந்து சுருங்கி, ஆண்டுக்கணக்கில் மேலும் அதே அளவோ கூடுதலாகவோ இறங்கும். கேபிள் நங்கூரங்களை அந்த அளவுக்கு முன்கூட்டியே உயர்த்தி வைக்க வேண்டும். வரைபடத்தில் உள்ள உயரத்தைச் சரியாகப் பிடித்துக் கட்டினால் தவறாகக் கட்டியதாகிவிடும். இதைப் புரிய வைப்பதற்குப் பணியிடத்தில் நான் நிறையப் பேச வேண்டியிருந்திருக்கிறது. நடுக் கண் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் பூமியின் வளைவும் கணக்கில் வந்துவிடும்: சுடோங் பாலத்தின் நடுக் கண் 1,088 மீட்டர், கோபுரங்கள் இரண்டும் அவ்விடத்தில் செங்குத்தாக நின்றாலும், உச்சிகளின் இடைவெளி அடிகளின் இடைவெளியைவிட ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கூடுதல்.

கோபுரத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி நங்கூர மண்டலம். கேபிள்கள் வந்து முடியும் மேற்பகுதி. உள்ளே பொள்ளலான பெட்டி. ஆள் நின்று ஜாக்கியால் கேபிளை இழுத்துப் பூட்டும் அளவுக்குத்தான் இடம். ஒவ்வொரு கேபிளுக்கும் சுவரில் ஓர் எஃகுக் குழாய் பதிக்கப்படுகிறது. 5 மீட்டர் நீளக் குழாயின் ஒரு முனை 9 மில்லிமீட்டர் விலகினால் கோணம் 0.1 பாகை பிசகும். 300 மீட்டர் நீளக் கேபிளில் அது தள முனையில் அரை மீட்டருக்கு மேல். கேபிளை எப்படியும் அதன் இடத்தில்தான் பூட்டப் போகிறோம். அப்போது அது குழாய் வாயில் மடங்கி உரசும். காற்றில் அதிரும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உரசும். இன்னொன்று, கேபிள் தன் எடையால் சற்றே தொய்யும் என்பதால், குழாயின் கோணம் இரு முனைகளையும் சேர்க்கும் நேர்கோட்டின் கோணமாக இருக்கக் கூடாது. அந்தத் தொய்வையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கேபிளுக்குக் கேபிள் இது மாறும். அஞ்சி காட் பாலத்தில் கேபிள்கள் 96.

இருபுறக் கேபிள்களும் எதிரெதிர்ச் சுவர்களைப் பிடித்து இழுப்பதால் பெட்டி பிளக்கப் பார்க்கும். அழுத்தத்தில் வீரனான கான்கிரீட் இங்கே இழுவிசையில் மாட்டிக்கொள்கிறது. சுவர்களைச் சுற்றி யூ வடிவத்தில் முன்தகைவு வடங்களை ஓட்டி இறுக்குவது ஒரு வழி. இடுக்கான இடத்தில், சிறிய வளைவில், கம்பிக் காட்டின் ஊடே அவற்றை ஓட்டுவது கடினமான வேலை. இன்னொரு வழி, எஃகுப் பெட்டிகளைத் தொழிற்சாலையில் துல்லியமாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் கான்கிரீட் போடுவது. இருபக்க இழுப்பையும் எஃகு தனக்குள்ளேயே சமன் செய்துகொள்ளும். கான்கிரீட்டுக்கு அழுத்தம் மட்டும் மிஞ்சும். பிரான்சில் மிஷெல் விர்லோழே வடிவமைத்த நார்மண்டி பாலத்திலும் (1995) சுடோங்கிலும் இந்த வழிதான். செலவு கூடினாலும் உயர்ந்த கோபுரங்களுக்கு என் வாக்கு இதற்கே. 250 மீட்டர் உயரத்தில் காற்றுக்கு நடுவே செய்யும் வேலை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பிழையும் குறையும்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. கேபிள்கள் மாட்டிய பிறகு அவையே கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டும் வரை அது தனிமரம். புயல்தான் அபாயம் என்று நினைப்போம். ஆனால் காற்று கோபுரத்தின் இருபக்கமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கும். அந்தத் தாளம் கோபுரத்தின் இயல்பு அதிர்வோடு ஒத்துப்போனால் குறுக்குவாட்டில் ஆட்டம் தொடங்கும். 6 மீட்டர் அகலம், ஐந்து நொடிக்கு ஓர் ஆட்டம் என்ற இயல்பு கொண்ட கோபுரத்துக்கு இது மணிக்கு 36 கிலோமீட்டர் காற்றிலேயே நேரலாம். அது பருவக்காற்றுக் காலத்தில் சாதாரணமாக வீசும் காற்று. அதனால் காற்றுக்குகைச் சோதனையில் முழுப் பாலத்தின் மாதிரியோடு தனித்து நிற்கும் கோபுரத்தின் மாதிரியையும் வைக்க வேண்டும். டவர் கிரேனையும் அதோடு சேர்த்து. தேவைப்பட்டால் உச்சியில் தற்காலிக அதிர்வடக்கி பொருத்த வேண்டும்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு நிர்வாக விஷயத்துக்கு வருகிறேன். முட்டு, சாரம், ஏறும் அச்சு, அதிர்வடக்கி இவையெல்லாம் வேலை முடிந்ததும் கழற்றி லாரியில் ஏற்றப்படுபவை. அதனாலேயே டெண்டரில் இவற்றுக்குத் தனி வரி இருப்பதில்லை. ஒப்பந்ததாரரின் பாடு என்று விட்டுவிடுகிறோம். அவர் துணை ஒப்பந்ததாரரிடம் விடுகிறார். கடைசியில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் பொறியாளரின் மேசையில் போய் அது நிற்கிறது. பிரிட்டனில் 1970களின் தொடக்கத்தில் சாரங்கள் சரிந்து பலர் இறந்த பிறகு, ஸ்டீபன் பிராக் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் தற்காலிக அமைப்புகளுக்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும், அவர் கையெழுத்து இல்லாமல் சுமை ஏற்றக் கூடாது, கழற்றவும் கூடாது என்ற நடைமுறை அதிலிருந்து வந்தது, 1982இல் பி.எஸ். 5975 என்ற தரநெறியாகவும் ஆனது. நம்மிடமும் ஐ.ஆர்.சி. 87 என்ற வழிகாட்டி இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் குறிப்பிட்டால் மட்டும் போதாது. அதற்குரிய பணத்தையும் ஆளையும் ஒதுக்க வேண்டும்.

இந்த அவையில் அரசுத் துறைப் பொறியாளர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் மூன்று கோரிக்கைகள். கேபிள் பாலத்துக்கு டெண்டர் விடும்போது கட்டுமானக் கட்டங்களின் கணக்கை, வடிவமைப்பாளர் தர வேண்டிய ஆவணமாகவே கேளுங்கள். அதை வடிவமைப்பில் தொடர்பில்லாத வேறொரு குழு சரிபார்ப்பதற்குத் தனிக் கட்டணம் வையுங்கள். முட்டுகளுக்கும் ஏறும் அச்சுக்கும் அளவுப் பட்டியலில் தனி வரி எழுதி, அவை நிறுவப்பட்டுச் சோதிக்கப்பட்டதும் பணம் கொடுங்கள். பணம் வரும் என்று தெரிந்தால் முட்டு குறித்த நாளில் வந்துவிடும்.

மாணவர்களுக்கு ஒன்று. பயிற்சிக்குப் பாலப் பணியிடத்துக்குப் போகும்போது முடிந்த கோபுரத்தின் வரைபடத்தைத்தான் முதலில் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, பதினைந்தாவது லிஃப்டின் வரைபடம் எங்கே என்று கேளுங்கள். இருந்தால் அதை விரித்து, அந்த நிலையில் எடை எந்த வழியாகக் கீழே இறங்குகிறது என்று உங்கள் நோட்டில் வரைந்து பாருங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். மேலே ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.